சொல் விலகிய இடத்தில்: ஆன்-யூ சவுண்டின் இசைத்தட்டுகள்

இசையில் முதன்மை சொல்லுக்கா, ஒலிக்கா என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புகைகள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைக் காட்டிலும் பாடும் இனிமையே தம் உள்ளத்தைக் கவர்ந்த வேளைகளைத் தம் குற்றங்களுள் ஒன்றாக எண்ணி வருந்துகிறார். அவரே தம் திருப்பாடல் விளக்கவுரையில், உள்ளம் நிரம்பி வழியும்போது சொற்கள் போதாமற் போக, சொல்லற்ற களிப்பொலியால் இறைவனைப் பாடுவதை மனமாரப் போற்றுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, சொல்லோடு இணைந்திருப்பதாலேயே திருஇசைக்குத் தனிச்சிறப்பு உண்டு என்கிறது. உரிய வேளைகளில் திருவமைதி காக்கப்பட வேண்டும் என்பதும் அதே ஏட்டின் பணிப்பு. ஆக, சொல்லும் வேண்டும். சொல் ஓயும் இடமும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உறவு என்ன என்பதே நம்மை நெடுநாள் ஆட்கொண்டிருக்கும் கேள்வி.

அக்கேள்வியோடு, நம் வாசகர் பலர் எதிர்பாராத ஓர் இடத்திற்குச் செல்ல விழைகிறோம். 1980-ஐ ஒட்டி இலண்டனில் அட்ரியன் ஷெர்வுட் என்னும் இளைஞர் தோற்றுவித்த 'ஆன்-யூ சவுண்ட்' என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனமே அது. ஷெர்வுட் 1958-இல் பிறந்தவர். பள்ளிப் பருவம் கடக்குமுன்னரே ஜமைக்காவின் ரெக்கே இசைத்தட்டுகளில் மனத்தைப் பறிகொடுத்தவர். பாடகர் என்றோ கருவியிசைக் கலைஞர் என்றோ அவர் பெயர் பெறவில்லை. மிக்ஸர் என்று நாம் வழங்கும் ஒலிக்கலவைப் பலகையே அவருடைய இசைக்கருவி. பெருநிறுவனங்களின் விளம்பர வலிமையின்றி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய நிறுவனம் வெளியிட்டு வரும் தட்டுகளில் பெரும்பாலானவை 'டப்' என்னும் வகையைச் சார்ந்தவை, அல்லது அதன் வழி வந்த மின்னணு இசை. இது கோயிலுக்குரிய இசையன்று. ஆயினும் இதன் வேரில் திருப்பாடல்கள் கிடக்கின்றன. அதனாலேயே இதனை மதிப்பிடும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டெனத் துணிகிறோம்.

குரல் இல்லாத தட்டு

டப் என்பது யாது? 1960-களின் இறுதியில் நடந்ததாக ஜமைக்கா இசைவாணர் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சியொன்று இதற்கு விடையாகும். ஸ்பானிஷ் டவுன் என்னும் ஊரில் ரட்டி ரெட்வுட் என்பவர் பெரும் ஒலிபெருக்கிகளை அமைத்து நடன இரவுகள் நடத்தி வந்தார். தலைநகர் கிங்ஸ்டனில் அவருக்கென ஒரு தட்டு வெட்டப்பட்டபோது, ஒலிப்பொறியாளர் பாடகரின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். பழுதான தட்டென்று ரெட்வுட் அதனை ஒதுக்கிவிடவில்லை. நடன இரவில் முதலில் குரலுள்ள பாடலை ஒலிக்கச் செய்து, அடுத்துக் குரலற்ற தட்டையும் சுழலவிட்டார். கூடியிருந்த மக்கள், விடுபட்ட சொற்களைத் தாங்களே பாடத் தொடங்கினர்.

மறதியில் பிறந்த இதனைக் கலையாக வளர்த்தவர்களுள் முதல்வர், கிங் டபி என்று அழைக்கப்பெற்ற ஆஸ்பர்ன் ரட்டக். 1941-இல் பிறந்த இவர் வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்த்துப் பிழைத்தவர். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் என்னும் ஏழ்மைப் பகுதியில், தம் வீட்டிலேயே சிறு கூடம் அமைத்து, பிறர் பதிவுசெய்த பாடல்களை அவிழ்த்துப் பிரித்தார். குரல் ஒரு சொல் சொல்லி மறையும். அச்சொல்லின் எதிரொலி மட்டும் நெடுந்தொலைவு சென்று தேயும். கிட்டார் நிற்கும், பாஸும் டிரம்மும் மட்டும் நடந்து செல்லும். பின்னர் எதிர்பாராத கணத்தில் யாவும் திரும்பிவரும்.

இதில் ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். எதிரொலி என்பது ஓர் இடத்தின் குரல். நம் பழைய கற்கோயில்களின் உயர்ந்த விதானத்தின்கீழ் ஒரு சொல் உதிர்ந்தால், கட்டடம் அதற்கு மறுமொழி கூறும். வாட்டர்ஹவுசின் தகரக் கூரைகளுக்கு அந்தப் பேறு இல்லை. கிங் டபியும் அவர்வழி வந்தோரும் ஒலிநாடாவின் துணைகொண்டு அந்த விதானத்தைத் தாமே எழுப்பிக்கொண்டனர் என்று நாம் சொல்லத் துணிவோம். ஏழையின் சிற்றறையில் ஒரு பேராலயத்தின் அகலம் உண்டாயிற்று.

அதைவிட முதன்மையானது மற்றொன்று. ஸ்பானிஷ் டவுனில் மக்கள் பாடியதற்குக் காரணம், அவர்கள் அப்பாடலை முன்னரே அறிந்திருந்தமையே. சற்றுமுன்னர்தான் குரலோடு கேட்டிருந்தனர். சொல் விலகிய இடத்தை நிரப்ப, நினைவில் சொல் இருந்தது. நினைவில் எதுவும் இல்லாதவர்க்கு அத்தட்டு வெறும் தாளமாகவே ஒலித்திருக்கும். இதனையே ஆன்-யூ சவுண்டின் வெளியீடுகளை நிறுக்கும் தராசாக நாம் கைக்கொள்கிறோம்: இந்த இசையில் விலக்கப்படும் சொல், கேட்பவன் உள்ளத்தில் முன்னரே குடிகொண்ட சொல்தானா?

இடியின் குரலில் திருப்பாடல்

பிரின்ஸ் ஃபார் ஐ என்னும் மைக்கேல் வில்லியம்ஸ், கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக்கூடங்களில் வாயிற்காவலராக வேலை பார்த்தவர். இடியை ஒத்த கரகரத்த குரல் அவருடையது. 1970-களின் நடுப்பகுதியில் அவர் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு 'சாம்ஸ் ஃபார் ஐ'. ரெக்கே தாளத்தின்மீது திருப்பாடல்கள் சிலவற்றையும் 'விண்ணுலகிலிருக்கிற' செபத்தையும் அவர் ஓதுவதே அத்தொகுப்பு. விவிலியத்தைத் தாமே வாசிக்க இயலாத எழுத்தறியா மக்களுக்கு அவர் அதனைக் காணிக்கையாக்கினார். அவர் இங்கிலாந்துக்கு வந்தபோது அவருக்குப் பின்னின்று வாசித்த 'கிரியேஷன் ரெபல்' குழு ஷெர்வுட்டின் குழு. 'சிங்கர்ஸ் அண்ட் பிளேயர்ஸ்' என்னும் பெயரில் ஆன்-யூ சவுண்ட் 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தட்டுகளில் அவருடைய குரல் நிலையான இடம் பெற்றது.

ரஸ்தாஃபாரி நெறியைப் பின்பற்றிய இவர்களோடு சமயக் கோட்பாட்டில் நாம் உடன்பட இயலாது. 1930-இல் எத்தியோப்பியாவில் முடிசூடிய ஹெய்லி செலாசியைத் தெய்வமாகக் கொள்வது நம் விசுவாசத்துக்கு முற்றிலும் புறம்பானது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாபிலோனின் ஆறுகளருகே யாழ்களை மரங்களில் தொங்கவிட்டு அமர்ந்திருந்த நாடிழந்தோரின் 137-ஆம் திருப்பாடலை, ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கடத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தம் சொந்த வரலாறாகவே வாசித்தனர். வேற்று நாட்டில் ஆண்டவரின் பாடலைப் பாடுவது எப்படி என்னும் கேள்வி அவர்களுக்கு உரையாசிரியரின் வினாவாக இல்லை. அன்றாட வாழ்வின் வினாவாக இருந்தது. 1970-இல் மெலோடியன்ஸ் என்னும் ஜமைக்காக் குழுவினர் அத்திருப்பாடலை ரெக்கே பாடலாக்கினர். நம்மவர் பலர் 'போனி எம்' குழுவின் வாயிலாகக் கேட்டிருக்கக்கூடிய பாடல் அதன் மறுவடிவமே.

பிரின்ஸ் ஃபார் ஐயின் குரலைக் கையாளும்போது ஷெர்வுட் தம் உச்சத்தை அடைகிறார் என்பது நம் கணிப்பு. பெட்வர்ட் என்னும் போதகரைப் பற்றிய பாடலை இங்கு எடுத்துக்கொள்வோம். ஜமைக்காவின் ஆகஸ்ட் டவுனில் அலெக்சாண்டர் பெட்வர்ட் என்பவர் பெருந்திரளான ஏழை மக்களைத் தம்பால் ஈர்த்தார். தாம் விண்ணகம் பறந்து செல்லப் போவதாக அறிவித்தார். பின்னர் கைதாகி, மனநோய் விடுதியில் 1930-இல் இறந்தார். அந்நாட்டு மக்கள் பாதி நகைப்போடும் பாதி துயரத்தோடும் நினைவுகூரும் மனிதர் அவர். பாடுபவர் அவரைப் பழிக்கவும் இல்லை, தூக்கி நிறுத்தவும் இல்லை. கதையின் ஒரு சொல் எதிரொலியாய் மேலெழுந்து தேயும்போது, பறக்க விரும்பிய அம்மனிதரின் ஏக்கமே காற்றில் கரைவதுபோல் இருக்கிறது. கருத்துக்கு ஒலி பணிபுரியும் இடம் இது. நம் பதிலுரைப் பாடலில், அருள்வாக்கின் ஓரடியை நெஞ்சில் இருத்தி மீண்டும் மீண்டும் சொல்கிறோம் அல்லவா? அதனோடு உறவுள்ள செயலாகவே இது நமக்குப் படுகிறது.

சினத்தின் இடம்

எல்லா வெளியீடுகளும் இத்தகைய அமைதியுடையன அல்ல. பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த மார்க் ஸ்டூவர்ட் 1983-இல் அளித்த 'லேர்னிங் டு கோப் வித் கவர்டிஸ்' செவிக்கு இனியதன்று. அதில் 'ஜெருசலேம்' என்னும் ஆங்கிலப் பாடல் இடம்பெறுகிறது. வில்லியம் பிளேக்கின் கவிதைக்கு ஹூபர்ட் பாரி இசையமைத்த அப்பாடல், இங்கிலாந்தில் பள்ளிப் பருவம் முதலே பாடப்படுவது. ஸ்டூவர்ட்டும் ஷெர்வுட்டும் அதனைக் கிழித்து, கூச்சலும் இரைச்சலும் பாஸின் அதிர்வும் இடையிட்டு மீண்டும் ஒட்டினர். நம் தராசில் இது தாழ்வதில்லை. ஒவ்வோர் ஆங்கிலேயனின் நினைவிலும் அப்பாடல் முழுமையாய் இருப்பதால், கிழிக்கப்பட்ட ஒவ்வோர் அடியும் அவனைச் சுடும். புனித நகரை இந்நாட்டில் கட்டுவோம் என்று பாடிக்கொண்டே ஏழைகளைத் தெருவில் நிறுத்தினீர்களே என்று அந்த வெடிப்புகள் கேட்கின்றன.

இச்சினம் கிறிஸ்தவனுக்கு அடாதது என்று சிலர் கருதலாம். 137-ஆம் திருப்பாடல் கொடிய பழிவாங்கும் வேட்கையோடு முடிகிறது. அவ்விறுதி அடிகளைத் திருச்சபையின் திருப்புகழ்மாலை விட்டுவிடுகிறது. விட்டது தக்கதே. எனினும், அழுதவன் சினந்தும் இருந்தான் என்ற உண்மை விவிலியத்திலிருந்து அகற்றப்படவில்லை. ஆன்-யூ சவுண்ட் தன் கொள்கைமொழியாக, சொகுசில் இருப்பவரைக் கலங்கச் செய்வதும் கலங்கியிருப்பவரைத் தேற்றுவதுமே தன் பணி எனச் சொல்லிக்கொள்கிறது. இக்கருத்து அந்நிறுவனத்துக்கு மிகவும் முற்பட்டது. வலியோர் அரியணையினின்று தூக்கி எறியப்படுவதையும் தாழ்நிலையில் இருப்போர் உயர்த்தப்படுவதையும் அன்னை மரியா நாசரேத்தின் ஏழைமகளாய்ப் பாடியதை நாம் நாள்தோறும் மாலைச் செபத்தில் சொல்லிவருகிறோம்.

பெயரற்றோரின் செபம்

இனி நம் மறுப்பைச் சொல்லுதல் முறை. இந்நிறுவனத்தின் புகழ்பெற்ற குழு 'ஆஃப்ரிக்கன் ஹெட் சார்ஜ்'. ஜமைக்காவில் பிறந்து நையபிங்கி பறையிசையில் ஊறி வளர்ந்த போன்ஜோ என்னும் தாளக் கலைஞரே இதன் உயிர்நாடி. பின்னாளில் இவர் கானா நாட்டில் குடியேறினார். 1981-இல் வெளிவந்த முதல் தொகுப்பில் பறையொலி, காட்டொலி, இயந்திர ஒலி ஆகியவை கலந்து ஒரு கனவுநிலம் உருவாகிறது. 1990-இல் வந்த 'சாங்ஸ் ஆஃப் பிரெய்ஸ்', அதாவது புகழ்ப் பாக்கள், பலராலும் கொண்டாடப்படுவது. பல நாட்டு மக்களின் வழிபாட்டுப் பாடல்களை முற்காலப் பதிவுகளிலிருந்து எடுத்து, பறைமுழக்கத்தோடும் பாஸோடும் இணைத்திருக்கிறார்கள். அதன் அழகை நாம் மறுக்கவில்லை. போன்ஜோவின் கைகள் எழுப்பும் தாளத்தில் உண்மையான பக்தி உண்டு.

எனினும் ஓர் உறுத்தல் தீரவில்லை. அங்கே செபிப்பவர் யார்? எந்த ஊரார்? எதற்காக மன்றாடினர்? மகவை இழந்த தாயின் புலம்பலா, அறுவடைத் திருநாளின் நன்றியா? கேட்கும் நமக்குத் தெரிவதில்லை. அவர்தம் மொழியும் தெரிவதில்லை. நாம் அறிந்திராத சொல்லை நம் நினைவு எவ்வாறு நிரப்பும்? ஆகவே அவர்தம் மன்றாட்டு நமக்கு வெறும் குரல்நிறமாக, பின்னணி மணமாக நின்றுவிடுகிறது. பிரின்ஸ் ஃபார் ஐயின் குரல் விலக்கப்படும்போது, அவர் கூடத்தில் உடனிருந்து பாடியவர்; அவர் பெயர் உறையில் இருக்கிறது. இங்கோ, இசைவு தெரிவிக்கவும் மறுக்கவும் வாய்ப்பற்ற எளியோரின் செபம் பிறருடைய படைப்புக்குக் கச்சாப்பொருளாகிறது. எளியோர்க்குக் குரல் கொடுப்பதாகச் சொல்லும் நிறுவனம், எளியோரின் குரலை அவர்தம் பெயரின்றி எடுத்தாள்வது முரண் என்றே நாம் கருதுகிறோம். இக்கலையைப் போற்றும் திறனாய்வாளர் இதனை எளிதில் கடந்து செல்வது சரியன்று.

இன்னொரு குறை தொழில் சார்ந்தது. எதிரொலிக் கருவி கையில் இருப்பதாலேயே ஒவ்வோர் ஒலிக்கும் வால் முளைக்கச் செய்யும் பழக்கம் இந்நிறுவனத்தின் சில தட்டுகளைச் சோர்வடையச் செய்கிறது. 1980-இல் வெளிவந்த கிரியேஷன் ரெபலின் 'ஸ்டார்ஷிப் ஆஃப்ரிக்கா' இதற்கு மறுதலை. ஒலிநாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு எதிரொலி சேர்த்து, மீண்டும் நேராக்கியமையால், அதில் எதிரொலி முந்தி வர, ஒலி பிந்தி வருகிறது. ஆனால் அங்கே உத்தி கருத்தோடு ஒன்றியுள்ளது. தாய்மண்ணைக் காணாதவர்க்கு அதன் எதிரொலிதானே முதலில் வந்து சேர்ந்தது? உத்தியே பொருளாகிவிட்ட பிற்காலத் தட்டுகள் சிலவற்றில் இந்த ஒருமையை நாம் காணவில்லை.

இறந்தோரின் குரல்

இவ்விசை வரலாற்றில் குருதி படிந்திருக்கிறது. பிரின்ஸ் ஃபார் ஐ 1983 செப்டம்பரில் கிங்ஸ்டனில் தம் இல்லத்தில் சுடப்பட்டு உயிர்நீத்தார். கிங் டபி 1989 பிப்ரவரியில் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆன்-யூ சவுண்டின் எண்ணற்ற தட்டுகளில் டிரம் வாசித்து, 'டப் சிண்டிகேட்' குழுவை நடத்திய ஸ்டைல் ஸ்காட் 2014 அக்டோபரில் ஜமைக்காவில் கொலையுண்டார். பிரின்ஸ் ஃபார் ஐயின் மறைவு ஷெர்வுட்டை நிலைகுலையச் செய்தது. சில ஆண்டுகள் அவர் ரெக்கேயை விட்டு விலகி, இரைச்சல் மிகுந்த வேறு இசைகளில் ஈடுபட்டார். அவர் திரும்பி வந்தபோது, இறந்த நண்பரின் குரல் நாடாக்களிலிருந்து எழுந்து புதிய தட்டுகளில் ஒலித்தது.

இதனை உயிர்ப்பு என்று சொல்லிவிட நமக்கு உரிமையில்லை; எதிரொலி எதிரொலியே. ஆனால் நினைவுகூர்தல் என்னும் சொல்லின் எடை நமக்குத் தெரியும். நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி, இறந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசிக்கும் மக்கள் நாம். திருப்பாடலை ஓதிய ஒருவரின் குரலை, அவர் மறைந்த பின்னும் தோழர் நடுவே இடங்கொடுத்து அமர்த்துவதை நாம் கனிவோடுதான் நோக்க வேண்டும்.

2023-இல் கிரியேஷன் ரெபல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு தொகுப்பை அளித்தது. அதன் பெயர் 'ஹாஸ்டைல் என்விரான்மென்ட்', பகைமைச் சூழல். இது குழுவினர் புனைந்த தொடரன்று. உரிய ஆவணங்கள் இல்லாதோர் வாழ இயலாதவாறு செய்யும் நோக்கோடு 2012 முதல் பிரித்தானிய அரசு வகுத்த கொள்கைக்கு வழங்கிய பெயர் அது. சிறு பிள்ளைகளாய்க் கரீபியத் தீவுகளிலிருந்து முறைப்படி வந்து, வாழ்நாளெல்லாம் அங்கே உழைத்தவர் பலர் அக்கொள்கையால் வேலையும் மருத்துவமும் இழந்தனர். சிலர் நாடுகடத்தப்பட்டனர் என்பது 2018-இல் பெரும் அவமானமாக வெடித்தது. தொகுப்பில் சொற்கள் மிகுதியில்லை. அத்தலைப்பே போதுமானது, மீதியைக் கேட்பவர் அறிவர். முதுமை எய்திய கலைஞர்கள், இளமையில் வாசித்த அதே நிதானத்தோடு பாஸையும் டிரம்மையும் நடத்திச் செல்கின்றனர். வேற்று நாட்டில் எப்படிப் பாடுவது என்ற பழைய கேள்வி, சொல் விலகிய இடத்தில் மீண்டும் எழுகிறது. ஆன்-யூ சவுண்டின் அண்மைக்கால வெளியீடுகளுள் நம் தராசில் உறுதியாக நிற்பது இதுவே.

இவ்வளவும் நமக்கு எதனை உணர்த்துகின்றது? அமைதி தானாகப் பேசுவதில்லை. முன்னரே சொல்லைக் கேட்டுப் பேணிய உள்ளத்தில்தான் அது பேசும். நம் பங்குகளில் நற்கருணைக்குப் பின்வரும் அமைதி நேரத்தை, அடுத்த பாடலாலோ கீபோர்டின் முழக்கத்தாலோ நிரப்பிவிட நாம் விரைகிறோம். அமைதி நமக்கு வெறுமையாகத் தோன்றுவதற்குக் காரணம், அன்றைய வாசகத்தில் ஒரு சொல்லையேனும் நாம் நெஞ்சில் பதித்துக்கொள்ளாமையாக இருக்கலாம். ஸ்பானிஷ் டவுனில் நடனமாட வந்த மக்கள், பாடகர் இல்லாத தட்டைக் கேட்டுத் தாங்களே பாடினர். பாடல் அவர்களிடம் இருந்தது.